ஞாயிற்றுக்கிழமை தொடாத எண்ணெய்

1. கை

குற்றாலத்தில் நான் எண்ணெய் தேய்த்த முதல் ஆள் ஒரு மதுரைக்காரர். முதுகில் கை வைத்து இரண்டு இழுப்புதான் இழுத்தேன். எழுந்து நின்றுவிட்டார்.

"என்னய்யா இது, கையா அரமா? எண்ணெய் தேய்க்கச் சொன்னா தோலை உரிக்கிறியே."

அவர் மேல் தப்பில்லை. முப்பது வருஷம் கடையம் பக்கம் பனை ஏறின கை. உள்ளங்கை முழுக்கக் காய்த்துப் போயிருந்தது. ஒரு மழைநாளில் பனையிலிருந்து விழுந்தேன். இடது முட்டி அதோடு மடங்காமல் போயிற்று. ஐம்பது வயதில் வேறு வேலை தேடி, பெண்சாதி பாக்கியத்தோடு மேலகரத்தில் ஒரு குடிசைக்கு வந்து சேர்ந்தேன். செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த வருஷம் அது.

அருவிக்கரையில் எண்ணெய்க்காரர்களுக்கு இடம் பிரித்துக் கொடுப்பவர் சுடலைமுத்து மேஸ்திரி. மதுரைக்காரர் போட்ட சத்தத்தைக் கேட்டு வந்தார். என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"வே ஞானமுத்து, ஒரு வாரம் சுடு கஞ்சித்தண்ணில கைய ஊறப்போடும். செங்கல்ல வச்சுத் தேயும். அதுக்கப்புறம் மனுசன் மேல கை வையும்."

அப்படியே செய்தேன். கை பதமானது. பிறகு எனக்கென்று ஒரு கல்லைக் கொடுத்தார். படிக்கட்டை ஒட்டிய கல். ஆள் அதில் உட்கார்ந்தால் முதுகு என் கை உயரத்துக்கு இருக்கும். மற்ற கல்லெல்லாம் தாழ்வு. அங்கே குத்தவைத்துத்தான் தேய்க்க முடியும். என் முட்டிக்கு அது நடக்காது. அருவிக்கரையில் எனக்கு ஆகிற இடம் அந்த ஒரு கல்தான்.

2. பொருத்தனை

இரண்டாம் வருஷம் பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. போகும்போது இரண்டு காலையும் கொண்டுபோய்விட்டது. டாக்டர் பார்த்தார். நரம்பு என்றார். மருந்து இல்லை என்றார்.

தென்காசி வேதக்கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றேன். பேச்சு எனக்கு வராது. அன்றைக்குப் பேசினேன்.

"ஆண்டவர் பாக்கியத்த நடக்க வச்சா, ஞாயித்துக்கிழமை எண்ணெய் தொட மாட்டேன்."

அதோடு நின்றிருக்கலாம். நடந்த பிறகுதான் செலுத்த வேண்டும், அதுதான் பொருத்தனை. எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த ஞாயிறே தொடங்கிவிட்டேன். நான் முந்திக்கொண்டால் அவர் பிந்த மாட்டார் என்று நினைத்தேன்.

சாரல் காலத்தில் ஞாயிறு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்ற ஆறு நாள் கூட்டமும் அந்த ஒரு நாளில் வந்து இறங்கும். ஆனி, ஆடி, ஆவணியில் பிழைத்ததை வைத்துத்தான் பங்குனி வரைக்கும் கஞ்சி. நான் மட்டும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் தென்காசிக் கோயிலுக்கு நடப்பேன். அடுத்த வருஷம் மாசியிலேயே வீட்டில் அரிசி தீர்ந்தது. பாக்கியம் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் எழுந்திருக்கவில்லை.

3. கெடு

ஓர் ஆடி மாதம், சனிக்கிழமை சாயங்காலம், மேஸ்திரி என் கல்லில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு வருவீரா?"

"நாளைக்கு ஞாயிறு அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியாதாக்கும். உம்ம பெண்டாட்டி எந்திரிச்சு நடந்தாச்சா?"

"இல்ல."

"அப்ப உம்ம சாமி சொன்னதச் செய்யல."

"அவரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அது அத விட மோசம். நாங்க மாடனுக்குக் கெடா நேந்துக்கிட்டா, காரியம் ஆகலன்னா நேர நின்னு கேட்டுப்புடுவோம். நீரு கேக்கவும் மாட்டீரு, விடவும் மாட்டீரு. நடுவுல என் கல்லு சும்மா கெடக்கு. அடுத்த ஞாயிறு நீரு வரலன்னா வேற ஆளு போட்டுருவேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

மறுநாள் ஆராதனை முடிந்து, சபையை நடத்தும் உபதேசியாரைப் பார்த்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொறுமையக் கத்துக்கிடும் ஞானமுத்து."

"ரெண்டு வருசமா அதத்தான் படிக்கேன் ஐயா."

"இன்னும் படியும்" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தார்.

4. கால்

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஈரக்காற்று பட்டால் பாக்கியத்துக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மற்ற நாளில் வேலை முடிந்து வந்ததும் கிண்ணத்தில் மிஞ்சின எண்ணெயைச் சுடவைத்து அவள் காலைப் பிடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பிடிக்க மாட்டேன். எண்ணெய் தொடமாட்டேன் என்றுதானே சொன்னேன். சொன்ன வார்த்தை அதுதான்.

"எண்ணெய எடுங்க" என்றாள்.

"இன்னைக்கு ஞாயிறு."

"எனக்கும் நாள் தெரியும். ஆறு நாளும் ஊரான் முதுகத் தேச்சு மிஞ்சினதுல என் காலப் பிடிக்கிய. ஏழாம் நாளு அதுவும் இல்ல. இந்தக் காலுக்காகத்தான பொருத்தனை? இந்தக் காலத்தான பட்டினி போடுதிய."

"வாக்குக் கொடுத்தாச்சே."

"யாரக் கேட்டுக் கொடுத்திய? காலு என்னது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

வெள்ளை வேட்டியை மாற்றத் திரும்பினேன். அவள் விடவில்லை.

"ஆண்டவரு என்னைய நடக்க வைக்கலன்னு உங்களுக்குக் கோவம். 'நான் சொன்னதச் செஞ்சிட்டேன், நீரு செய்யல'ன்னு ஞாயித்துக்கு ஞாயிறு அவரு முன்னால போயி நிக்கிய. அவரும் சளச்சிருப்பாரு. எனக்கு அவரு மேல கோவம் கெடையாது. உங்க மேலதான்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எண்ணெயைச் சுடவைத்தேன். காலை எடுத்து மடியில் வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கெண்டைக்காலில் கட்டி கட்டியாகச் சதை இறுகிக் கிடந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று இளக. அவள் தூங்கிப்போனாள். நான் கையைக் கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

5. அடுத்த ஞாயிறு

மேலகரம் சின்ன ஊர். எண்ணெய் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து பேச்சு மேஸ்திரி வரைக்கும் போயிற்று.

"போன ஞாயித்துக்கிழமை எண்ணெய் தொட்டீராமே" என்றார் சனிக்கிழமை. "விரதம் முறிஞ்சு போச்சுல்லா? பேசாம நாளைக்கு வாரும்."

அவர் சொல்வதும் ஞாயந்தான். முறிந்துதான் போயிற்று. இனி யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தேன். இந்தத் தடவை கேட்டேன்.

"நாளைக்கு வேலைக்குப் போகட்டா? போகலன்னா கல்லு போயிரும்."

பாக்கியம் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமா நீங்க மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வாறிய. நான் மணிச்சத்தத்தோட சரி. என்னைய ஒரு நாளு கூட்டிட்டுப் போங்க. கல்லு போனா போட்டும். பட்டினி நமக்குப் புதுசா?"

காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டி கேட்டேன். "மனுசங்களத் தள்ளவா? கத்தரிக்கா வாசம் அடிக்குமே" என்றார். சாக்கை விரித்து அவளை உட்காரவைத்துத் தென்காசி ரோட்டில் தள்ளினேன். எதிரே குற்றாலத்துக்குப் போகிற பஸ், கார், மாட்டுவண்டி. தெரிந்த வாடிக்கைக்காரர் ஒருவர் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னப்பா, இன்னைக்கும் லீவா?" என்று கேட்டுக்கொண்டே போனார். சாரல் முகத்தில் அடித்தது. பாக்கியம் முக்காட்டை விலக்கிவிட்டு நனைந்துகொண்டே வந்தாள். அன்றைக்கு உபதேசியார் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று ஞாபகமில்லை. அவள் பாடினாள். அது ஞாபகமிருக்கிறது.

திங்கட்கிழமை போனேன். என் கல்லில் வீரகேரளம்புதூர்க்காரன் ஒருவன் நின்றான். வாட்டசாட்டமான ஆள். எந்தக் கல்லிலும் அவனால் தேய்க்க முடியும். ஆனாலும் அந்தக் கல்தான் போயிற்று.

"சொன்னேன்லா" என்றார் மேஸ்திரி.

"சொன்னிய."

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒரு மாதம் தென்காசிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். முட்டி வீங்கியது. மண்ணெண்ணெய் வாங்க வழியில்லாமல் விளக்கு வைக்காத நாள்கள் உண்டு. ஆண்டவரிடம் நான் அப்போது பேசின பேச்சை எழுத முடியாது.

ஆவணியில் மேஸ்திரியே குடிசைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னார்.

"தென்காசில ஒரு ஆச்சி வாதத்துல கெடக்கு. கட்டில்லதான் கெடக்கு, நீரு நின்னுக்கிட்டே தேய்க்கலாம். ஞாயித்துக்கிழமை வரமாட்டீருன்னும் சொல்லிட்டேன். இதுக்கும் நொட்டை சொல்லாதயும்."

அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீடு. அப்படியே பதினொரு வருஷம் ஓடியது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கால் தேய்க்கிறதுதான் வேலை. பணக்காரன் ஆகவில்லை. பங்குனியில் அரிசி தீருவதும் நிற்கவில்லை.

பாக்கியம் கடைசிவரை நடக்கவில்லை. சாகிறவரை ஆறு வருஷம், மழையோ வெயிலோ, வண்டியில்தான் கோயிலுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறு யாருக்கும் நான் எண்ணெய் தொட்டதில்லை. திரும்பி வந்து அவளுக்கு மட்டும் தேய்ப்பேன். அது பொருத்தனையைக் காப்பாற்றினதா, உடைத்ததா என்று உபதேசியாரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் மாற்றலாகிப் போகிறவரை சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெயைக் கையில் ஊற்றுமுன், "எங்க வலிக்கு?" என்று கேட்க வேண்டும். நாமாக நினைத்துக்கொண்டு தேய்த்தால் வலி கூடும். வந்து உட்கார்ந்த ஒவ்வொருவரையும் நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்பதற்கு எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆனது.