ஒன்பது விஷுப் படங்களும் ஒரு காலை நாற்காலியும்

கரமனைச் சந்திப்பிலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, இரு கைகளையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அகலத்தில் இருக்கிறது தாணுமாலையனின் டிடிபி கடை. அங்கே கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான். காலை எட்டரையிலிருந்து இரண்டு மணி வரை அது உலகம்மையுடையது. இரண்டிலிருந்து ஏழரை வரை ஜிஷாவுடையது. முதலாளி கேட்டால் இரண்டு பேருடையதும் இல்லை என்பார். ஆனாலும் காலை தன்னுடையது என்றுதான் உலகம்மை பதினான்கு வருஷமாக மனசுக்குள் வைத்திருக்கிறாள்.

அவளுக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சில் லோயரும் முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தாள். கணவன் மகாராஜா கிள்ளிப்பாலத்தில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். மாலை மூன்று மணிக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் திரும்புவான். மலையாளத்தை அவள் பஸ் போர்டுகளிலும், மகள் திவ்யலட்சுமியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலும் படித்துக்கொண்டாள். இன்று இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் அடிப்பாள். இருந்தும், இந்த ஊரில் இன்றைக்குக் கையில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று அவள் நம்பியதில்லை. ரேஷன் கார்டைக்கூட மாதம் ஒருமுறை எடுத்து, தன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பாள்.

கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அது வேலைக்குத் தயாராகப் பதினொரு நிமிடம் பிடிக்கும். அதற்குக் காரணம் சித்திரை விஷு. ஒவ்வொரு விஷுவுக்கும் தாணுமாலையன் பென் டிரைவில் ஒரு சாமி படம் கொண்டுவருவார். "உலகம்மா, திறந்ததும் முதல்ல இது கண்ணுல படணும், கேட்டியா" என்பார். அவளும் அதை ஸ்டார்ட்அப்பில் போட்டுவிடுவாள். அடுத்த விஷுவுக்கு அடுத்த படம். பழையதை எடு என்று அவரும் சொன்னதில்லை, எடுக்க இவளுக்கும் கை வந்ததில்லை. குருவாயூரப்பனை இறக்கிவிட்டு ஆற்றுகால் அம்மையை ஏற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? ஆக ஒன்பது விஷுவுக்கு ஒன்பது படம். கூடவே ஒரு பஞ்சாங்கம், தானாகப் பாடும் சுப்ரபாதம், எப்போதோ தூக்கிப் போட்ட மூன்று பிரிண்டர்களின் புரோகிராம்கள். இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி வருவதற்குள் அவள் விளக்கேற்றி, கண்ணாடியைத் துடைத்து, பேப்பர் கட்டுகளை அடுக்கி, எதிர்க் கடையிலிருந்து சாயா வாங்கிக் குடித்து முடித்திருப்பாள்.

எட்டு மாதம் முன்பு ஜிஷா வந்தாள். வித்துராவிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், இருபத்துநான்கு வயது, நெற்றியில் சந்தனக் குறி. ஒரு வியாழக்கிழமை உலகம்மை சாயா வாங்கத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் தயாராகி நின்றது. படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, வழக்கமாகத் தமிழ் டைப்பிங் இருக்கிற மூன்றாவது இடத்தை அழுத்தினாள். கால்குலேட்டர் வந்தது. எதிரே பட்டாபி நின்றுகொண்டிருந்தார்; வலியசாலை பஜனை மண்டலியின் செயலாளர், வாரம் தவறாமல் நோட்டீஸ் அடிக்க வருபவர்.

"என்னம்மா உலகம்மை, பகவான் நாமத்துக்குக் கணக்குப் போடப் போறயா?" என்றார் அவர்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மதியம் ஜிஷா வந்ததும் கேட்டாள். "இத யாரு மாத்துனா?"

"ஞான்தான், சேச்சி. சும்மா கொறே சாதனம் ஓடிட்டிருந்தது. எல்லாம் ஆஃப் ஆக்கி. இப்போ நாப்பது செகண்ட்ல திறக்கும். மெனுவும் ஒண்ணு ஒழுங்காக்கி வெச்சு. சேச்சியோட தமிழ் தாழே உண்டல்லோ, நோக்கு." திரையின் அடிவரிசையில் முதல் ஆளாக அது உட்கார்ந்திருந்தது.

"கேட்டுட்டுச் செய்யணும்ல?"

"ஸாரி சேச்சி. சேச்சிக்கு எளுப்பமா இருக்கட்டேன்னு நினைச்சு."

அவள் நல்லதுக்குத்தான் செய்தாள் என்பது உலகம்மைக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு வேறு எதுவும் படவில்லை. ஜிஷா தமிழையும் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பது, வருகிறவர்கள் மகளைப் போல அவளை "மோளே" என்று கூப்பிடுவது, அவள் பத்து விரலும் சேர்ந்து மழை பெய்கிற மாதிரி போடுகிற சத்தம். வீட்டில் மகாராஜாவிடம் சொன்னாள். அவன், "நல்லதுதான, உனக்கும் வேல சீக்கிரம் முடியும்லா?" என்றான். அன்று அவனுக்குக் குழம்பை ஊற்றிவிட்டு, அவள் ரசத்தோடு எழுந்துவிட்டாள்.

நாற்பது செகண்ட் விஷயம் தாணுமாலையனுக்கும் தெரிய வந்தது. அவர் எப்போதும் பத்தரைக்கு மேல்தான் கடைக்கு வருவார். அதற்குள் உலகம்மை படங்களை மூடியிருப்பாள். அதனால் சாமிகள் போனது அவருக்குத் தெரியவில்லை, வேகம் மட்டும் தெரிந்தது. மறு வாரம் வெள்ளிக்கிழமை கல்லாப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

"உலகம்மா, காலையிலதான் ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆளுக அவசரமா வாராங்க. நாளைக்கு ஒரு நாள் அந்தப் பிள்ளைய காலையில இருத்திப் பாப்போம். சரியா வந்தா திங்கள்லேருந்து அவ காலை, நீ உச்சைக்கு."

"உச்சைக்குன்னா ஏழரை வரைக்கும் அண்ணாச்சி. இவரு மூணு மணிக்குப் போயிருவாரு. திவ்யா பத்தாங்கிளாஸு, தனியால்ல இருக்கணும்?"

"பக்கத்துல ஆளில்லையா? பாப்போம்."

பக்கத்தில் ஆள் இல்லை. இருக்கிற ஒரு வீடும் வாடகைக்கு வந்து ஆறு மாதமான புது ஆட்கள். மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை பூட்டிய கதவுக்குள் மகள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். அப்புறம் தன் நாற்காலியில் ஜிஷா உட்கார்ந்திருப்பதையும் நினைத்தாள். இரண்டில் எது அதிகமாக வலித்தது என்று கேட்டால், அவள் யாருக்கும் உண்மை சொல்லியிருக்க மாட்டாள்.

சாவி அவளிடம்தான். சனிக்கிழமை எட்டு மணிக்கே கடையைத் திறந்தாள். ஜிஷா எப்படிச் செய்தாள் என்று மகளின் போனில் தேடிப் பார்த்து வைத்திருந்தாள். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம். வந்தது. ஒன்பது படங்களும் வரிசையாக அணைந்து கிடந்தன. ஒவ்வொன்றாக ஏற்றினாள். பஞ்சாங்கம், சுப்ரபாதம், செத்துப்போன மூன்று பிரிண்டர்கள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஜிஷாவின் மலையாள டைப்பிங் கண்ணில் பட்டது. அதை மட்டும் அணைத்தாள். பிறகு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு விளக்கேற்றினாள். கும்பிடும்போது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு ஜிஷா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டாபியும், பத்திர நகல் எடுக்க இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சோதனை நாள் என்பதால் தாணுமாலையனும் வந்து பக்கத்தில் நின்றார். ஜிஷா கம்ப்யூட்டரைப் போட்டாள்.

முதலில் குருவாயூரப்பன் வந்தார். ஒரு நிமிடம் கழித்து ஆற்றுகால் அம்மை. பிறகு திருச்செந்தூர் முருகன். சுப்ரபாதம் பாதியில் தொடங்கித் திக்கித் திக்கிப் பாடியது. ஜிஷா மவுஸை அசைத்துப் பார்த்தாள், அம்பு அசையவில்லை. பத்திரக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எதிர்ச் சாரியில் இருந்த இன்னொரு டிடிபி கடைக்கு நடந்தார்கள்.

உலகம்மை எதிர்பார்த்தது முதலாளியின் கோபத்தை. அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் குவித்தார்.

"இவ்வளவு நாளா இவங்கள எங்க காணோம்?" என்று மெல்லக் கேட்டார். பத்தரைக்கு மேல் வருகிறவருக்கு இத்தனை நாள் காணாதது அப்போதுதான் உறைத்தது. "யாரு எடுத்தா?"

ஜிஷா எழுந்து நின்றாள். "ஞான்தான், சார். போன வாரம் ஆஃப் ஆக்கியதா."

"நீ எடுத்தது எப்படித் திரும்பி வந்துச்சு?"

ஜிஷா திரையைப் பார்த்தாள், பிறகு உலகம்மையைப் பார்த்தாள்.

"தானா வந்திருக்கு" என்றார் தாணுமாலையன். "பட்டாபி சாமி, பாத்தீங்களா? இறக்கிவிட்டாலும் போகல."

பட்டாபி கடிகாரத்தைப் பார்த்தார். "பகவான் சௌகரியமா வரட்டும். எனக்குப் பத்து மணிக்கு நோட்டீஸ் வேணும் ஓய்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜிஷாவை உச்சைக்கே வரச் சொன்னார் முதலாளி. படங்களில் இனி யாரும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார். உலகம்மைக்கு நாற்காலி கிடைத்துவிட்டது.

மறு வாரம் ஜிஷா அவரிடம் அனுமதி கேட்டு, அதே கம்ப்யூட்டரில் தனக்கென்று இன்னொரு யூசர் வைத்துக்கொண்டாள். காலைக் கணக்கில் சாமிகள் அப்படியே இருப்பார்கள், மதியக் கணக்கில் ஒன்றும் இருக்காது. மெனுவும் தனித்தனி. அவருக்கு ஆட்சேபணை இல்லை, கும்பிடுவது காலையில்தானே. அதன் பிறகு அவர் எட்டரைக்கே குளித்துவிட்டு வந்து, பதினொரு நிமிடமும் திரைமுன் நின்றார்.

இரண்டு மணிக்கு உலகம்மை பையை எடுக்கும்போது ஜிஷாவின் பக்கம் நாற்பது செகண்டில் திறக்கும். உலகம்மை வாசலில் செருப்புத் தேடுகிற சாக்கில் மனசுக்குள் எண்ணுவாள். முப்பத்தெட்டு. சில நாள் முப்பத்தாறு. மெதுவாக ஆட்களும் எண்ணத் தொடங்கினார்கள். காலையில் எட்டிப் பார்த்து, முருகன் நிற்கிறதைக் கண்டு, "பரவால்ல, உச்சைக்கு வாரேன்" என்று போனார்கள். மூன்றாவது வாரம் பட்டாபியும் அதையே சொன்னார். பதினான்கு வருஷமாக அவர் நோட்டீஸில் சந்திப்பிழை திருத்தியவள் அவள். ராதா கல்யாண நோட்டீஸை ஜிஷா அடித்து, "ஸ்ரீமத்" கூடச் சரியாக வந்திருந்தது. உலகம்மை அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு பிழை கிடைத்திருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

இப்படியே போனால் காலைக்கு ஒரு ஆளே வேண்டாம் என்று முதலாளிக்குத் தோன்ற எத்தனை நாளாகும்? அந்தப் பயம்தான் அவள் வாயைத் திறந்தது. ஒரு புதன்கிழமை, ஆறாவது படம் வந்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"அண்ணாச்சி, படமெல்லாம் தானா வரல. நான்தான் அன்னைக்குத் திரும்பப் போட்டேன்."

அவர் குவித்த கையைப் பிரிக்கவில்லை. தையல் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மெதுவாப் பேசு."

"ஜிஷா உக்காரக் கூடாதுன்னு செஞ்சேன்."

"வலியசாலையில பாதித் தெருவுக்குச் சொல்லியாச்சு. நாகர்கோயில்லேருந்து மச்சினன் போன் போட்டுக் கேக்கான். இப்பப் போயி நீ இப்படிச் சொன்னா?" ஏழாவது படம் வந்தது. "வெளிய வாயத் திறக்காத. ஒண்ண மட்டும் வச்சிட்டு மத்தத எடுத்திரு."

"எந்த ஒண்ண?"

அவர் திரையைப் பார்த்தார். "நீயே பாத்து எடு."

"என்னால முடியாது. நீங்க சொல்லுங்க."

"முருகன எப்படிப் போகச் சொல்ல? அம்மையத்தான் எப்படிச் சொல்ல?" என்றார். கடைசியில், "அந்தப் பிள்ள வரட்டும்" என்றார்.

ஜிஷா வந்து கேட்டுவிட்டு, உலகம்மையின் கணக்கைத் திறந்தாள். ஒன்பது படங்களையும் ஒரே போல்டரில் போட்டு, நாளுக்கு ஒன்றாகத் திரையின் பின்னால் மாறி மாறி வரும்படி வைத்தாள். யாரும் இறங்கவில்லை, யாரும் எழும்பி வரவும் வேண்டாம். பாட்டையும் செத்த பிரிண்டர்களையும் அணைத்தாள். மெனுவில் மூன்றாவது இடத்தில் தமிழ் டைப்பிங்கைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மூளையப் பாரு" என்று தாணுமாலையன் வாய்விட்டுச் சொன்னார். உலகம்மை அடுக்கியிருந்த பேப்பர் கட்டை எடுத்து மறுபடி அடுக்கினாள்.

அவர் வெளியே போனதும் கேட்டாள். "உனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

"பின்னே? என் மலையாளம் மாத்திரம் ஆஃப் ஆயிருந்தது. சாமிமார் அது செய்யுமோ சேச்சி?"

"ஏன் சொல்லல?"

"சாரு கும்பிட்டோண்டு நிக்குதல்லே, எப்படிச் சொல்ல? பின்னே, சேச்சிக்கு வீட்ல மோள் தனியால்லோ." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எனக்கு வித்துரா பஸ்ஸு ஏழே முக்கால். ஓடிப் பிடிக்கணும். அது சாரமில்ல, பிடிச்சுக்கலாம்."

உலகம்மைக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது. சொல் வாய் வரை வந்து, "அந்த பஸ்ஸுல சீட்டு கெடைக்குமா?" என்று மாறி வெளியே விழுந்தது. ஜிஷா சிரித்தாள்.

மறுநாள் எட்டரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு, சாயா வாங்கப் போகாமல் நின்று எண்ணினாள். முப்பத்தேழு. பின்னால் திருச்செந்தூர் முருகன் அமைதியாக நிற்க, மூன்றாவது இடத்தை அழுத்தியதும் தமிழ் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். ஒன்பது மணி சுமாருக்குப் பட்டாபியின் ஸ்கூட்டர் எதிர்ச் சாரியில் மெதுவாகப் போனது. எழுந்து ஓரம் வரை ஓடிக் கூப்பிட்டாள்.

"சாமி, வாங்க. இப்பல்லாம் உடனே திறந்திருது. நோட்டீஸு இருந்தா குடுங்க, அஞ்சு நிமிசத்துல தாரேன்."

பட்டாபி ஒரு காலை ஊன்றி நின்றார். சட்டைப் பையில் மடித்த தாள் வெளியே தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சங்கடமாகத் தலையை ஆட்டினார்.

"அடடா, ரெண்டு மணிக்குக் கொண்டுவரேன்னு அந்தக் குழந்தைகிட்டச் சொல்லிட்டேனேம்மா."