சும்மா இருக்கும் பெண்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்துத் தோட்ட வீட்டில் இருந்தபடியே, இணையம் வழியாக மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் பாலிடெக்னிக் டிப்ளோமா இருந்தது, கணினி இருந்தது, சம்பளமும் இருந்தது. வேலைக்குப் போகிறவள் என்ற பெயர்தான் இல்லை. பெக்டரி பஸ் ஏறினால்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது வேலை.

வீட்டில் ஒரே டெலிபோன் இணைப்பு, இணையமும் அதன் வழியாகத்தான். யாராவது ரிசீவரை எடுத்தால் வகுப்பு அறுந்துவிடும். பலமுறை சொல்லியிருந்தேன். பரீட்சைக்கு முந்தின நாள், பாடத்தின் நடுவே இணைப்பு போயிற்று. கூடத்துக்கு ஓடினேன். என்னைப் பெண் கேட்டிருந்த செனாவாங் வீட்டாரோடு, எங்களுடனேயே இருந்த அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு வீட்ல சும்மாதாங்க இருக்கு. எப்ப வேணும்னாலும் வாங்க லா."

"அத்தை, கிளாஸ் நடக்குது!"

"அந்தப் பொட்டி எங்கயும் ஓடிடாது. அப்புறம் போய் வெளையாடு."

ரிசீவரைப் பிடுங்கினேன். "நான் சும்மா இல்லைங்க. பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன். நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா. "அடடா, எத்தன மணிக்கும்மா முடியும்? அப்புறமா கூப்புடுறேன்."

எட்டு மணி என்றேன். உடனே வைத்துவிட்டார்.

பாடத்தை முடித்தேன். கோபம் மட்டும் தணியவில்லை. என் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.