தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு சிவப்பு அட்டை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டும். அதன் பட்டுப்போன கிளையிலுள்ள பொந்தில் மூன்று வருஷமாக ஒரு ஜோடி புள்ளி ஆந்தைகள் குஞ்சு பொரிப்பதை, ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தவள் நான்தான். பகலெல்லாம் பொந்து வாசலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் விளக்குக் கம்பத்தடியில் வண்டு பிடித்துத் திரும்பும். பக்கத்தில் பத்து மரம் இருந்தும் வேறெதிலும் பொந்து கிடையாது.

போன பங்குனியில் மரம் வெட்டும் மேஸ்திரி கயிறும் ரம்பமுமாக வந்து நின்றார். காய்ந்த கிளை யார் தலையிலாவது விழும் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். பொந்துக்குள் குஞ்சுகள் கத்துவது எனக்குக் கேட்டது.

"அண்ணே, உள்ள குஞ்சு இருக்கு. பறக்கிற வரைக்கும் விடுங்க."

"இன்னாம்மா நீ, ஆந்தைக்குப் போயி வக்காலத்து வாங்கினுகீறே. ஊட்டாண்ட இருந்தாலே ஆவாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். மெஷினைத் திறந்து வேலை பார்க்கும்போது, யாரும் தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது என்று, ஸ்விட்சில் அவரவர் பெயரும் காரணமும் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவோம். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடமாட்டார். பையிலிருந்த அட்டை ஒன்றை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று எழுதி மரத்தில் கட்டினேன்.

மேஸ்திரி சிரித்தார். அவர் பின்னால் வந்த எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பராமரிப்பும் அவர் பொறுப்புதான்.

"மரத்துக்கெல்லாமா டேக் போடுவீங்க?"

எங்கே தட்டினால் அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். "மூணு வருஷமா இதே பொந்துக்குத்தான் சார் வருது. மெஷின்ல நான் மாட்டியிருந்தா கழட்டுவீங்களா?"

அட்டையை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "கிளைக்கு ஒரு முட்டுக் கொடுக்கச் சொல்றேன். பறந்த அன்னைக்கே நீங்க கழட்டணும். அப்புறம் வெட்டிருவேன்."

சில வாரம் கழித்து ஒரு காலையில் மூன்று குஞ்சுகளும் மதில்மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டின. பெற்றவள்போலப் பூரித்துப்போனேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. மனசே இல்லாமல் அட்டையைக் கழற்றப் போனேன்.

என் அட்டைக்கு அடியில் இன்னொரு சிவப்பு அட்டை இருந்தது. சூப்பர்வைசரின் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில், 'அடுத்த வருஷமும் வருவாங்க.'

என்னுடையதை மட்டும் கழற்றினேன். அவருடையதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை.