மருதாணிக்கு வடக்கா, தெற்கா?

முபாஷிர் விருத்தாசலத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் என்னோடு கடைசி பெஞ்ச். பீங்கான் கம்பெனியில் கொஞ்ச நாள் அகல் விளக்குக்கு அச்சு பிடித்துவிட்டு, ஜித்தாவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனான். போன் பண்ணும்போதெல்லாம் அவன் அம்மா பதுருன்னிசா கேட்டது ஒரே கேள்விதான்: "ஒரேயடியா எப்பப்பா வருவ?" அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டான். போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். லீவு கிடைக்காமல் மண் போடக்கூட அவனால் வர முடியவில்லை.

இந்த மாதம் வந்தேவிட்டான், ஒரேயடியாக. ஜங்ஷனில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. "நந்தகுமாரு, மொதல்ல கபர்ஸ்தானுக்கு வுடு. வந்துட்டேன்னு அம்மாகிட்ட நானே சொல்லணும்" என்றான். என் வண்டியில் பெட்டி முன்னால், அவன் பின்னால், கையில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர், சின்ன பாட்டில். எனக்கே குஷி தாங்காமல் ஆரனை அடித்துக்கொண்டே போனேன்.

கபர் தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மழைக்குப் பிறகு இடுப்புயரப் புல், பேர் எழுதிய கல் நாலைந்துதான். நீங்கள் தேடப் போனால் புல் காய்ந்த மாசியில் போங்கள். பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை சபா போனில் சொன்ன அடையாளம் இதுதான்: "அம்மாவுக்குக் கல்லு வைக்கலண்ணே. தலைமாட்டுல மருதாணி நட்டிருக்குது."

தேடித் தேடி மருதாணியைப் பிடித்துவிட்டோம். அதற்கு வடக்கே ஒரு கபர், தெற்கே ஒரு கபர். முபாஷிர் தயங்கவேயில்லை. வடக்குக் கபரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஒரேயடியா வந்துட்டேன், இனிமே போவ மாட்டேன்" என்று கடகடவெனப் பேசினான். பாதித் தண்ணீரையும் ஊற்றிவிட்டான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இந்தப் பக்கம் தலைன்னு எப்பிடிடா சொல்ற?"

"வலப்பக்கம் சாய்ச்சு மக்காவப் பாக்க வைப்பாங்க. கிழக்கப் பாத்தா தலை தெக்காலதான வரும்?"

"கிழக்கயா? நம்மூரு பள்ளிவாசல்ல மேற்கப் பாத்துதானடா தொழுவுறாங்க?"

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜித்தாவுக்குத்தான் மக்கா கிழக்கே. பத்து வருஷம் அப்படியே தொழுத பழக்கம், இறங்கின அன்றே காலை வாரிவிட்டது. நம்மூரில் மக்கா மேற்கே, தலை வடக்கே. அப்படியானால் மருதாணி தெற்குக் கபரின் தலைமாடு.

மறுபடி போன் போட்டோம். சபா தன் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொன்னாள், வடக்கே இருப்பது கறிக்கடை காதர் பாய். ஆட்டை அவிழ்த்துவிட்டான் என்று சின்ன வயதில் முபாஷிரைத் தெருத்தெருவாக விரட்டிய அதே காதர் பாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டு, "போவுது, குடிச்சிக்குங்க பாய்" என்று ஸலாம் சொல்லி எழுந்தான்.

தெற்குப் பக்கம் வந்து உட்கார்ந்தான். மிச்சத் தண்ணீரை மருதாணி வேரிலிருந்து கால்மாடு வரைக்கும் சொட்டுச் சொட்டாக விட்டான். காதர் பாயிடம் அவ்வளவு பேசியவனுக்கு இங்கே ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பக்கத்தில் குனிந்து நானே சொன்னேன்.

"அம்மா, நந்தகுமார் பேசுறேன். ஒங்க புள்ள ஒரேயடியா வந்துட்டாம்மா."