மரம் ஏறாத மாடி

எங்கள் பழைய மாடிக் குடியிருப்பை இடித்த இடத்தில் இப்போது மாணவர் விடுதி வானுயர நிற்கிறது. அங்கே பெருக்கித் துடைப்பது என் வேலை. லிஃப்ட் ஓடாததால் இன்று கட்டில் சட்டம் ஒன்றைப் படிவழியே தூக்கினார்கள். திருப்பத்தில் அது சுவரை உரசியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எழுபதுகளில், ராயபுரம் கரையில் எங்கள் குடிசை எரிந்ததும், இங்கே மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தார்கள். சுண்ணாம்பு நெடி மாறாத வீடு. கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களை வாசலில் காயவைப்பது நைனாவின் வழக்கம். கரையில் விட்டால் விறகுக்குத் தூக்கிப் போவார்கள் என்று, ஒரு மரத்தைச் சித்தப்பாவோடு தோளில் சுமந்து வந்தார். முதல் திருப்பத்திலேயே அது சிக்கிக்கொண்டது. எப்படிச் சாய்த்தும் சுவர்தான் பெயர்ந்தது.

"இன்னா நைனா, நம்ம வூட்டுக்கு வராதா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"மன்சன் மட்டும் ஏர்றதுக்குக் கட்டிக்கீறானுங்கம்மா," என்றார்.

மற்ற மரங்களையும் கொண்டுவந்து கீழேயே போட்டார். கொஞ்ச நாளில் அவை யார் யார் அடுப்பிலோ எரிந்து முடிந்தன. நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். சாகும்வரை, படியேறும்போதெல்லாம் அந்தத் திருப்பத்தில் நின்று, பெயர்ந்த பள்ளத்தில் கைவைத்து மூச்சுவாங்குவார்.

"சுவத்துல கோடு வுழுந்துட்ச்சு பாரும்மா, தொட்ச்சுடு," என்றார் விடுதி சூப்பர்வைசர்.

ஈரத்துணியால் ஒருமுறை தேய்த்தேன். இருந்த இடமே தெரியவில்லை.