பிறை தெரியாத ஊருக்கு ஒரு காலண்டர்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் இருபது வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். தினசரித் தாளில் தேதி, கிழமை, ராகு காலம், பிறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்து மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். ஆகவே ஊர் உலகம் இந்த வருடத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் நாங்கள் அடுத்த வருடத்துத் தீபாவளியைத் திருத்திக்கொண்டிருப்போம். மகளின் பள்ளி விண்ணப்பத்தில் அடுத்த வருடத் தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இந்த வேலையில் எனக்கு ஒரு மனத்தாங்கல். தப்பு இருந்தால்தான் எங்களைத் தேடுவார்கள். ஏதோ ஒரு ஊர்த் திருவிழா ஒரு நாள் முன்னே பின்னே விழுந்திருந்தால் உடனே போன் வரும். மிச்சத் தாளெல்லாம் சரியாக இருந்ததே என்று இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. விருதுநகரில் எங்கள் தெருவில் என் கண் படாத காலண்டர் இல்லை, என் பெயரோ எதிலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நாவல் எழுதும் ஆசை வந்தது. அதுவும் விஞ்ஞான நாவல்.

வேறொரு நட்சத்திரத்தின் கிரகத்துக்கு நம் பக்கத்து ஆட்கள் குடியேறுவதுதான் கதை. எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசு ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண், எங்கள் ஊரிலிருந்து ஒரு பாய் சமையல்காரர், இப்படி நாற்பது பேர். கிரகம் மட்டும் நிஜமாக இருக்கக்கூடியதாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பஸ்ஸில், ஆலை வேன்கள் எங்களை முந்திப் போகப் போக, போனில் நட்சத்திரங்களைப் பற்றிப் படித்தேன். வானத்தில் பெரும்பாலானவை சிவப்புக் குள்ள நட்சத்திரங்களாம். அளவிலும் சிறியவை, சூடும் குறைவு, ஆனால் நெடுங்காலம் எரிபவை. குளிர் காய்கிறவன் அடுப்பை ஒட்டி உட்காருவதுபோல, தண்ணீர் உறையாமல் இருக்க வேண்டுமென்றால் கிரகம் அதை நெருங்கியே சுற்ற வேண்டும். நான் போட்ட கணக்கில் என் கிரகத்துக்கு ஒரு வருடம் என்பது நம்முடைய பதினோரு நாள்.

பதினோரு நாளுக்கு ஒரு புது வருடம்! எங்கள் முதலாளி கேட்டால் ஆர்டர் பிடிக்க அங்கேயே குடிபோய்விடுவார்.

அங்கேதான் சிவகாசிக்காரன் செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். கிரகத்தை முடிக்காமலே காலண்டரை முடித்துவிட்டேன். பதினோரு தாளுக்கும் லேஅவுட் போட்டேன். பெரிய எழுத்தில் தேதி, கீழே சூரிய உதயம், அஸ்தமனம். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஒரு தாள் கிழிபடும். மூன்று வருடம் இப்படியே எழுதி இருநூறு பக்கத்தைத் தாண்டினேன். மதுரையில் ஒரு பதிப்பகம் முதல் பாதியைப் படித்துவிட்டு, முழுதும் வந்தால் போடுகிறோம் என்றது. ஆடி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் என் பெயரைப் பார்க்கப் போகிறேன் என்று அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி கருவேப்பிலை உருவிக்கொண்டே நான் எழுதிய பக்கங்களைப் படித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, அங்கன போனதுல நம்ம ஆளும் ஒருத்தர் இருக்காருல்ல. அவரு நோம்பு எப்பப் பிடிப்பாரு?"

"பிறை பாத்துப் பிடிப்பாரு. இதென்ன கேள்வி?"

"அங்கன நிலா இருக்கா?"

இல்லாமல் என்ன என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் நிலா எழுதவே இல்லை. சரி, ஒன்றை வைத்துவிடலாம் என்று போனை எடுத்துப் படித்தேன். நட்சத்திரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற கிரகத்திடம் நிலா தங்குவது கஷ்டம் என்று போட்டிருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த பத்தியில் இன்னொன்று இருந்தது. அப்படிப்பட்ட கிரகம் அநேகமாக ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்குமாம், நிலா நமக்குக் காட்டுவதுபோல. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறு பக்கம் எப்போதும் இரவு. என் ஆட்கள் குடியிருக்கும் நடு விளிம்பில் சிவப்புச் சூரியன் அடிவானத்தில் அப்படியே நிற்கும். விடியவும் விடியாது, அடையவும் அடையாது. உதயமும் அஸ்தமனமும் போட்டுப் பதினோரு தாள் அடித்துவைத்திருக்கிறேன், அங்கே எதைப் பார்த்து ஒருவன் தாளைக் கிழிப்பான்?

இதே சங்கதியை என் பழைய நோட்டில் நானே எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டிருந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஊரான் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு என் தப்பு தெரியவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. "ஒன்னய நோம்பப் பத்தி யாரு கேட்டா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் கருவேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவசியத்துக்குத்தான் பேச்சு. நாவல் வராது, மன்னிக்கவும் என்று பதிப்பகத்துக்கு ஒரு செய்தியைப் போனில் அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். வேலையிலும் மனம் ஒட்டவில்லை. புரூஃபில் ஒவ்வொரு தாளிலும் இருந்த உதய நேரம் என்னைக் கேலி செய்வதாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவளுடைய தம்பி போன் செய்தான். வடக்கே வெகு தூரத்தில் ஒரு குளிர் தேசத்தில், ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்ப்பவன். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏலே, கோடைக்கு ஒங்கூருல சூரியனே அடையாதுன்னு சொல்லுவியே. அப்ப நோம்பு வந்தா எப்படிலே பிடிப்பீக?"

"அதுக்கு வழி இருக்குக்கா. பக்கத்துல எந்த ஊருல ஒழுங்கா விடிஞ்சு அடையுதோ, அந்த ஊரு நேரத்த எடுத்துக்கிடணும். இங்கன பள்ளிவாசல்ல அட்டவணையே ஒட்டிருக்காக."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வென்றுவிட்ட பெருமையும் இல்லை.

"உங்க கிரகத்துக்குப் பக்கத்து ஊரு எதுங்க?" என்றாள்.

ஒழுங்காக விடிந்து அடைகிற பக்கத்து ஊர். அந்த நாற்பது பேருக்கும் தெரிந்தது ஒரே ஒரு ஊர்தான். வெளிச்சமே போய்ச் சேர நாலு வருடத்துக்கு மேல் ஆகிற தூரத்தில், இதோ, நான் சோறு தின்றுகொண்டிருக்கும் இந்த ஊர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வத்தல் குழம்பின் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அனுப்பாத செய்தியை அழித்தேன். அதன் பிறகு நாவல் தானாக ஓடியது. பதினோரு தாளையும் தூக்கிப் போட்டேன். சிவப்புச் சூரியன் நகராத அந்தக் குடியிருப்பின் சுவரில், சிவகாசியில் முன்கூட்டியே அடித்து விண்கப்பலில் ஏற்றிய காலண்டர் தொங்குகிறது. அதில் போட்ட நேரப்படி விருதுநகரில் எப்போது விடியுமோ அப்போது அந்தப் புதுப்பட்டிப் பெண் எழுந்து ஒரு தாளைக் கிழிக்கிறாள். சமையல்காரர் அதைப் பார்த்துத்தான் நோன்பு பிடிக்கிறார். முதல் நோன்பு திறக்கும் காட்சிக்கு, எங்கள் அடுக்களை ஆணியில் தொங்கும் நோன்பு அட்டவணையிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொண்டேன். அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஜென்மம் நான்.

புத்தகம் வந்த அன்று பார்சலைப் பிரித்து முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுத்தேன். அட்டையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, நேராக அந்த நோன்புக் காட்சிக்குப் பக்கத்தைப் புரட்டினாள். படித்தாள். பிறகு புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், ஆணியில் தொங்கும் அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். நானும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன்.

"நேரம் சரியாத்தாங்க இருக்கு" என்றாள்.

இருபது வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.