செல்வி துடைத்த ஓசை

ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் சந்தனச்செல்வி. தூத்துக்குடியில் தோழி ஷெர்லியுடன் சேர்ந்து, மாடியறை ஒன்றில் பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கிறாள். கோயில் கொடைக் கேசட்டுகளும் மாதா கோயில் பாட்டுகளுமாகத் தொடங்கிய தொழிலுக்கு, ஒருநாள் லண்டனிலிருந்து வேலை வந்தது.

அங்கே டேனியல் என்பவர் சிறிய இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்தார். பெரிய கம்பெனிகள் சீண்டாததால், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அந்தக் காலத்தில் கைக்காசு போட்டுப் பதிந்த ஜாஸ் இசையைத் தேடியெடுத்து மறுபடி வெளியிட்டார். சாக்ஸபோன் அலறும், அதற்கடியில் ஆப்பிரிக்க முரசுகள் தம் போக்கில் உருண்டுகொண்டிருக்கும். முதலில் செல்விக்குத் தலைவலி வந்தது. போகப்போக அந்த இசை இல்லாமல் அவளுக்குப் பொழுது போகவில்லை.

போன வருஷம் சிகாகோவைச் சேர்ந்த வெண்டல் என்ற வயதான கலைஞரின் நாடா வந்தது. தன் வீட்டுக் கார்ஷெட்டில் தானே மைக் வைத்துப் பதிந்திருந்தார். அதில் கட்டைவிரலால் மீட்டும் எம்பிரா என்ற ஆப்பிரிக்க வாத்தியம் முழுக்க ஒலித்தது. ஒவ்வொரு மீட்டலோடும் ஒரு கரகரப்பு.

"ஏளா, அது இரைச்சலா? தாளத்தோடல்லா வருது?" என்றாள் ஷெர்லி.

"நாடா தேஞ்சிருக்குளா. நீ சும்மா இரி" என்று செல்வி அதைத் துடைத்தெடுத்துவிட்டாள். கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. டேனியல் பாராட்டினார்.

இசைத்தட்டு வெளிவந்ததும் அவரே கூப்பிட்டார். "வெண்டல் தன் வாத்தியத்தின் பாதி ஒலியைக் காணோம் என்கிறார். ஏதாவது நீக்கினாயா?"

செல்வி பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தேடிப் படித்தாள். கரகரவென்று அதிரட்டும் என்றே அந்த வாத்தியத்தில் சிப்பிகளைக் கட்டுவார்களாம். அந்த அதிர்வு இல்லாவிட்டால் வாசிப்பே முழுமையில்லையாம். உண்மையைச் சொல்லி இந்த வேலை போய்விட்டால்? திரும்பக் கூப்பிட்டு, "நாடாவே அப்படித்தான் இருந்தது" என்றாள். டேனியல் நம்பினார்.

அதன்பின் பஸ்ஸில் யாராவது சில்லறையைக் குலுக்கினாலும் அந்தக் கரகரப்பே அவள் காதில் கேட்டது. சில மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, ஷெர்லியிடம் சொல்லி அழுதாள்.

"எங்கிட்ட அழுது என்ன செய்ய? அந்த மனுசங்கிட்ட சொல்லுளா."

டேனியலிடம் உண்மையைச் சொல்லி, வெண்டலிடம் பேசுவதற்காக அவர் மகள் ரூத்தை வீடியோவில் அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"அப்பா போன மாதம் இறந்துவிட்டார்" என்றாள் ரூத். "நாடாவிலேயே அந்த ஒலி இல்லை என்றதும், மைக்கைத் தப்பான இடத்தில் வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை."

செல்வி மன்னிப்புக் கேட்குமுன் ரூத்தே கேட்டாள்:

"அந்த ஒலி உங்களிடம் இருக்கிறதா?"

கைவைக்காத பிரதி இருந்தது. போட்டாள். ரூத் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் தொடர்பைத் துண்டித்தாள்.

டேனியல் கரகரப்போடு புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். முதல் பதிப்பின் பிழை தன்னுடையது, வெண்டலுடையது அல்ல என்று அட்டையில் அச்சிடச் சொன்னவள் செல்வி. ரூத்திடமிருந்து அதற்கும் ஒரு சொல் வரவில்லை.

புதிய இசைத்தட்டு பார்சலில் வந்த அன்று ஷெர்லி அதைச் சுழலவிட்டாள். கரகரப்போடு முதல் மீட்டல் கேட்டதும் செல்வி எழுந்து வெளியே போய்விட்டாள்.